யார் என்று கேட்பது

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் அன்றைக்கு ஆன்-கால் முறை யாருக்கோ அவர் அடித்துப் பிடித்து எழுந்து அதை நிமிர்த்துவார். மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து ஓர் ஆவணம் எழுதுவோம். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எந்த எச்சரிக்கை வந்தது, எது வரவில்லை, இன்னொரு தடவை இப்படி ஆகாமலிருக்க என்ன செய்யலாம். இதற்குப் பெயர் போஸ்ட்மார்ட்டம். அதில் ஒரு விதி மட்டும் ரொம்பக் கண்டிப்பு. யார் என்று கேட்கக்கூடாது. இன்னார் தவறான கோப்பை ஏற்றிவிட்டார் என்று எழுதக்கூடாது. தவறான கோப்பு ஏற்றப்பட்டது என்று எழுத வேண்டும். பெயர் சொன்னால் ஆட்கள் பயந்து உண்மையை மறைப்பார்கள், மறைத்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. நல்ல தர்க்கம்தான். பதிமூன்று வருடமாக நானும் இப்படித்தான் எழுதுகிறேன், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் இதே தொழிலில்தான் ‘கிட் பிளேம்’ என்று ஒரு கட்டளையும் இருக்கிறது. நிரலின் எந்த வரியையும் காட்டி இதைக் கடைசியாகத் தொட்டவர் யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடும். எங்களால் பெருந்தன்மையாகப் பெயரைச் சொல்லாமல் விட முடிவது, பெயர் எப்போதும் பதிவில் இருப்பதால்தான். பதிவே இல்லாத இடத்தில் அதே பெருந்தன்மை வேறு மாதிரி வேலை செய்யும்.

அரசாங்கத்துக்குச் செயப்பாட்டு வினை ரொம்பப் பிடிக்கும். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’, ‘அசம்பாவிதம் நேர்ந்துவிட்டது’. 2006-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டத்தின் முகப்புரை இந்தியச் சட்டங்களிலேயே அபூர்வமான ஒன்று. காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களுக்கு ‘வரலாற்று அநீதி’ இழைக்கப்பட்டது என்று அரசே அதில் ஒப்புக்கொள்கிறது. காலனி ஆட்சியிலும் சரி, சுதந்திர இந்தியாவிலும் சரி, அவர்களுடைய உரிமைகள் போதுமான அளவு அங்கீகரிக்கப்படவில்லை என்கிறது. அங்கீகரிக்காதது யார் என்று சொல்லவில்லை. சட்டத்தின் முகப்புரையில் அதை எதிர்பார்க்கவும் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் முதல் தடவை அதைப் படித்தபோது, இந்த வாக்கியத்தில் எழுவாய் எங்கே என்று தமிழ் ஐயா கேட்பது மாதிரி மனசுக்குள் ஒரு கேள்வி வந்தது. எனக்கு அந்தக் கேள்வி எப்போது வந்தாலும் கூடவே ஓர் ஊரின் பெயரும் வந்துவிடும். வாச்சாத்தி.

நான் தர்மபுரி மாவட்டத்துக்காரன். அரூரிலிருந்து சித்தேரி மலையின் அடிவாரத்துக்குப் போகிற பாதையில் இருக்கிறது வாச்சாத்தி. அங்கே பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. தமிழ்தான் பேசுகிறார்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்று கதை சொல்வார்கள். (இவர்களைப் பற்றி அரசுப் பட்டியலில் ஒரு விநோதம் உண்டு. தர்மபுரியிலும் சேலத்திலும் மலையாளி என்றால் பட்டியல் பழங்குடி. அதே மக்கள் ஈரோடு மாவட்டத்து மலையில் இருந்தால் பட்டியலில் இல்லை. மாவட்டக் கோட்டைத் தாண்டினால் பழங்குடி பழங்குடியாக இல்லாமல் போய்விடுகிறார். இப்படி ஒரு டேட்டாபேஸை நான் வடிவமைத்திருந்தால் வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்கள்.)

நான் படித்த பள்ளிக்கூடத்தில் அந்த ஊர்ப் பெயர் பையன்களின் அசிங்கமான ஜோக்குகளில் வரும். அர்த்தம் புரியாத வயதிலேயே சிரிப்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வந்து படித்த இரண்டு பேர் எந்த ஊர் என்று கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் ‘அரூர் பக்கம்’ என்பார்கள். அரூர் பக்கம் என்றால் நாங்கள் எல்லோருமே அரூர் பக்கம்தான்.

என்ன நடந்தது என்பதைச் செயப்பாட்டு வினை இல்லாமல் எழுதிப் பார்க்கிறேன்.

1992 ஜூன் 20, சனிக்கிழமை. வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், மொத்தம் 269 அரசு ஊழியர்கள் வாச்சாத்திக்குள் நுழைந்தார்கள். ஊரில் சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறது என்றார்கள். ஊராரை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். கட்டையை எடுத்துக்காட்டச் சொல்லி 18 பெண்களைத் தனியாகப் பிரித்து ஏரிப்பக்கம் கொண்டுபோய் வல்லுறவு செய்தார்கள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமியையும் விடவில்லை. இரவு அரூர் வனச்சரக அலுவலகத்தில் அடைத்துவைத்தார்கள். பெண்கள், ஆண்கள், குழந்தைகள் என்று நூறு பேருக்கு மேல் பிடித்து, சந்தனக் கடத்தல் வழக்குப் போட்டுச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். வீடுகளை இடித்தார்கள். தானியத்தை வீணடித்தார்கள். ஆடு கோழிகளை அடித்துத் தின்றார்கள். கிணற்றில் தண்ணீர் குடிக்க முடியாதபடி செய்தார்கள்.

எழுவாய் வைத்து எழுதினால் வாக்கியம் இவ்வளவு சின்னதாக இருக்கிறது.

அது வீரப்பன் வேட்டைக் காலம். ‘சோளகர் தொட்டி’ நாவலைப் படித்தவர்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று தெரியும். சித்தேரிப் பக்கத்து ஜனங்களில் சிலர் கூலிக்கு மரம் வெட்டப் போனார்கள், இல்லையென்று யாரும் சொல்லவில்லை. சந்தன மரத்தை வெட்டினவனுக்குக் கிடைத்தது அன்றைய கூலி. அதை லாரியில் ஏற்றி, சோதனைச் சாவடிகளைத் தாண்டவைத்து விற்றவனுக்குக் கிடைத்ததுதான் சந்தனத்தின் விலை. சாவடியைத் தாண்டும் வித்தை கூலிக்காரனுக்குத் தெரியாது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய ஆட்களையும் காப்பாற்ற அதிகாரிகள் அப்போதைய அரசின் துணையோடு போட்ட நாடகம் இது என்ற பொருளில், முப்பத்தோரு வருடம் கழித்துச் சென்னை உயர் நீதிமன்றம் எழுதியது.

மறுமாதம் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் ஊருக்குள் போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அரசு மறுத்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தேசிய தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995-இல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றப்பத்திரிகையில் 269 பேர். தர்மபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி குமரகுரு. வல்லுறவுக் குற்றத்துக்கு 17 பேர்; அதில் 12 பேருக்குப் பத்தாண்டு, 5 பேருக்கு ஏழாண்டு. மற்றவர்களுக்கு ஒன்று முதல் மூன்றாண்டு வரை.

வேகமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் 1992-க்கும் 2011-க்கும் நடுவில் அந்தப் பெண்கள் இதை எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சங்கத்துக்காரர்களிடம் ஒரு தடவை. ஆணையத்து அதிகாரியிடம் ஒரு தடவை. சிபிஐக்காரர்களிடம். பிறகு கோர்ட்டில், அதற்குப் பிறகு குறுக்கு விசாரணையில், எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துப் பிரித்துக் கேட்க. வழியில் பத்திரிகைக்காரர்களிடம். தீர்ப்பு வந்த அன்று டிவிக்காரர்களிடம். சிறுமியாக இருந்தவள் தாயாகி, அவள் பிள்ளைகள் காதுபடவும் சொல்லியிருப்பாள். எங்கள் ஊரிலிருந்து பைக்கில் போனால் எட்டிவிடும் தூரம்தான். இதை எழுதுவதற்காக அங்கே போய் ‘என்னக்கா நடந்துச்சு’ என்று நானும் ஒரு முறை கேட்பதில் எனக்கு விருப்பமில்லை. அவர்கள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள், நீதிமன்றப் பதிவில் இருக்கிறது.

2011 செப்டம்பரில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள், அதாவது வேலை இல்லாமல் சம்பளம். டீக்கடை டிவியில் அடியில் ஓடிய எழுத்தில்தான் அந்தப் பெயரைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்கள் யாருக்கும் அது எந்த ஊர் என்று தெரியவில்லை. அடுத்த மாதம் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது வீட்டில் பேச்சு இதுதான். என் தாய்மாமா வனக்காப்பாளராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றவர். அவர் வேலை பார்த்தது வேறு மாவட்டத்தில், வாச்சாத்திக்குப் போனவரில்லை. ஆனால் காக்கிச் சட்டை போட்டவர். அந்தச் சம்பளத்தில்தான் என் இன்ஜினியரிங் ஃபீஸில் பாதி போனது.

“எரநூத்தி அறுவத்தொம்பது பேரு. அத்தன பேருமாடா தப்புப் பண்ணியிருப்பான்?” என்றார். “ஜீப்பு ஓட்டுனவனும் அதுல இருப்பான். வெளிய நின்னவனும் இருப்பான். மேலருந்து சொன்னா போயித்தான் ஆவணும். வரலன்னா மெமோ. இல்லன்னா எங்கியாவது தூக்கி அடிப்பான்.”

அடுப்படியில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா வெளியே வராமலேயே சொன்னாள். “அந்தப் பொண்ணுங்க அத்தன பேரும் பொய்யா சொல்லுவாங்க? எந்தப் பொம்பள இதுல பொய் சொல்லுவா?”

மாமா பதில் சொல்லவில்லை. தங்கைக்கு அவர் பதில் சொல்லாமல் விடுவது அபூர்வம்.

மாமாவின் கேள்வியை நான் லேசாக ஒதுக்கிவிடவில்லை. ஒதுக்கக்கூடாது என்றும் நினைக்கிறேன். அத்தனை பேருமா என்பதுதான் இந்த மாதிரி வழக்குகளில் அரசுத் தரப்பின் மிகப்பெரிய கவசம். கும்பலாகப் போனால் யார் செய்தது என்று பிரித்துக் காட்ட முடியாது. எல்லோரும் ஒரே நிறச் சட்டை. அடி வாங்கியவளுக்கு அடித்தவனின் பெயர் தெரிந்திருக்காது. ஆக, எல்லோரும் செய்தார்கள் என்றால் ஒருவரும் செய்யவில்லை என்று ஆகிவிடும். வாச்சாத்திப் பெண்கள் அந்தக் கவசத்தை உடைத்தார்கள். இவன்தான் என்று காட்டினார்கள். சும்மா வந்து நின்றவன் கதை என்ன என்பதற்கும் தீர்ப்பில் பதில் இருந்தது. எல்லோருக்கும் ஒரே தண்டனை கொடுக்கவில்லை. அடித்தவன், சூறையாடியவன், பதவியைத் தவறாகப் பயன்படுத்தியவன் என்று பிரித்துப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தது.

இதே கவசம் உடையாமல் போன ஒரு வழக்கும் உண்டு. ஆந்திரத்தில் விசாகப்பட்டினத்துக்கு மேலே மலையில் வாகப்பள்ளி என்று ஓர் ஊர். 2007 ஆகஸ்ட் 20 அன்று மாவோயிஸ்டுகளைத் தேடி வந்த கிரேஹவுண்ட்ஸ் போலீஸ்காரர்கள் தங்களை வல்லுறவு செய்தார்கள் என்று கோந்து பழங்குடியைச் சேர்ந்த 11 பெண்கள் புகார் கொடுத்தார்கள். விசாரணைக் கூண்டுக்கு வழக்கு வரவே பத்து வருடத்துக்கு மேல் ஆனது, அதுவும் 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு. 2023 ஏப்ரலில் விசாகப்பட்டினம் சிறப்பு நீதிமன்றம் வழக்கைச் சந்தித்த 13 போலீஸ்காரர்களையும் விடுதலை செய்தது. புலனாய்வை ஒழுங்காகச் செய்யவில்லை என்றது. அதே தீர்ப்பில் அந்தப் பெண்களுக்கு இழப்பீடு கொடுக்கவும் சொன்னது. அதாவது ஏதோ நடந்திருக்கிறது, அதற்குப் பணம் உண்டு, ஆனால் செய்தவர் என்று யாரும் கிடையாது. செயப்பாட்டு வினைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

வீரப்பன் வேட்டையில் தமிழக-கர்நாடக கூட்டு அதிரடிப்படை நடத்திய சித்திரவதைகளைப் பற்றித் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரித்தபோதும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2007-இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி ஆணையம் உத்தரவிட்டது. பணம் வந்ததே பெரிய விஷயம்தான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கொடுப்பது கஜானா. கஜானாவுக்கு முகம் கிடையாது. மின்சாரம் வைத்தவன், கட்டித் தொங்கவிட்டவன் பையிலிருந்து ஒரு ரூபாய் குறையவில்லை. அந்த மலைக்காரன் தீப்பெட்டி வாங்கும்போது கொடுத்த வரியும் அதே கஜானாவில்தான் இருக்கிறது.

சட்டத்திலேயே யார் என்ற கேள்விக்கு முன்னால் ஒரு கேட் போட்டு வைத்திருந்தார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-ஆம் பிரிவு. அரசு ஊழியர் தன் அலுவலைச் செய்யும்போது செய்த குற்றத்துக்கு அவர்மேல் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும். நேர்மையான அதிகாரியைப் பொய் வழக்குகளிலிருந்து காப்பாற்றுவது நோக்கம். நடைமுறையில், ஆளை அனுப்பியவரிடமே ஆளைப் பிடிக்கலாமா என்று கேட்டு நிற்க வேண்டும். வல்லுறவு வழக்குகளில் இந்த அனுமதி தேவையில்லை என்று சட்டம் தெளிவாகச் சொன்னது 2013-இல், டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு வந்த திருத்தத்தில்.

அதற்கும் முந்தைய திருத்தம் ஓர் ஆதிவாசிச் சிறுமியால் வந்தது. மகாராஷ்டிரத்தில் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் 1972-இல் மதுரா என்ற பெண்ணைப் போலீஸ்காரர்கள் வல்லுறவு செய்த வழக்கு. உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உடம்பில் காயமில்லை, கூச்சல் போடவில்லை என்பதெல்லாம் காரணம். 1979-இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. 1983-இல் சட்டம் மாறியது: காவலில் நடக்கும் வல்லுறவு தனிக் குற்றமானது, அங்கே ஒரு பெண் நான் சம்மதிக்கவில்லை என்று சொன்னால் நீதிமன்றம் அதை அப்படியே எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும் என்றானது. மதுராவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பின்னால் வந்தவர்களுக்கு இருந்தது. இந்த நாட்டில் அரசு ஊழியரைப் பார்த்து ‘நீதான்’ என்று சொல்வதற்கான சட்டத்தில் கணிசமான பகுதி இப்படிப் பழங்குடிப் பெண்களின் உடம்பு வழியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நம் பாடப்புத்தகத்தில் மதுராவின் பெயர் வந்து நான் பார்த்ததில்லை.

மாமாவிடம் திரும்ப வருகிறேன். அந்தத் தீபாவளி இரவில் அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நான் கேட்டேன், “மேலருந்து சொன்னாங்கன்னு சொல்றீங்களே, சொன்னது யாரு மாமா?”

“அதச் சொல்லு. அவன் எவனாச்சும் அதுல இருக்கானா பாரு.”

இருந்தார்கள், கொஞ்சம். தண்டனை பெற்றவர்களில் நான்கு பேர் ஐஎஃப்எஸ் அதிகாரிகள். எல்லோரும் ஏழைக் காவலர்கள் என்ற கதை அதனால் முழுசாக நிற்காது என்று மாமாவிடம் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் மாவட்டத்தின் ஆட்சியர்? காவல் கண்காணிப்பாளர்? அவர்கள் குற்றப்பத்திரிகையில் இல்லை. அப்போது மாமா கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கிற அந்தக் கணக்கு.

“பத்துப் பேரு ரெய்டுக்குப் போனாலே எத்தன பேப்பரு தெரியுமாடா? வண்டிக்கு லாக்புக்கு எழுதணும். டீசலுக்கு இண்டென்ட் போடணும். பக்கத்து ரேஞ்சுலருந்து ஆளக் கூப்ட்டா அதுக்குத் தனி ஆர்டரு. போலீசக் கூப்புடணும்னா நம்ம டிபார்ட்மென்ட்டு ஆளு எழுதிக் கேக்கணும். தாசில்தார் ஆபீசுக்காரன் வந்திருக்கான்னா கலெக்டரேட்டுக்குத் தெரியாம எப்புடி வருவான்? சோத்துப் பொட்டலம் வாங்குனாலும் பில்லு வெக்கணும். எரநூத்தம்பது பேருக்குச் சோறு வாங்குனது யாருன்னு கேட்டாலே எல்லாம் வந்துரும்.”

நான் அன்றிலிருந்து இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் லாக் என்று ஒன்றைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிப் பேசுகிறோம். இந்திய அரசு அலுவலகத்தின் கோப்பைப் போல ஒரு லாக் உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஒரு பென்சில் வாங்கினாலும் கீழே ஒரு சுருக்கொப்பம், அதற்கு மேல் ஒன்று, பச்சை மையில் ஒன்று. மூன்று துறை, 269 ஆட்கள், வண்டிகள், டீசல், சோறு. இது கோபத்தில் நடந்த கைகலப்பு இல்லை, திட்டம். திட்டத்துக்குக் காகிதம் உண்டு. ஒரு முதியவர் பட்டாவுக்கு மனு கொடுத்தால் எந்தத் தாத்தா எந்த வருடம் எந்தச் சர்வே எண்ணில் உழுதார் என்று காகிதம் கேட்கிற அரசு அது. வன உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து, ஆதாரம் போதவில்லை என்று நிராகரிக்கப்பட்டவர்கள் நாடு முழுக்கப் பல லட்சம் குடும்பங்கள். 2019 பிப்ரவரியில் அவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, இரண்டே வாரத்தில் அதை நிறுத்தி வைத்தது. நிராகரித்த விதம் சரியா என்று அப்போதுதான் மாநில அரசுகளைக் கேட்டார்கள். காட்டில் இருப்பவன் தான் அங்கே இருந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டும். அவன் ஊருக்குள் நுழைந்தவர்களை அனுப்பியது யார் என்பதற்கு மட்டும் காகிதம் கேட்க முப்பது வருடம் ஆகிறது.

2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கு நேரில் போனார். மேல்முறையீட்டில் நீதிபதி ஊருக்குள் போய்ப் பார்ப்பது அடிக்கடி நடப்பதில்லை. அந்தப் பெண்கள் அரூருக்கும் சேலத்துக்கும் கோர்ட்டு கோர்ட்டாகவும் அலைந்ததற்குப் பிறகு, முப்பது வருடம் கழித்து, அரசின் ஓர் அங்கம் அவர்களைத் தேடி நடந்து வந்தது. செய்தியில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வந்தது என்று சொல்ல மாட்டேன். ஏதோ ஒரு கூச்சம்தான் வந்தது, எதற்கென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

செப்டம்பர் 29 அன்று, சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே தேதியில், தீர்ப்பு வந்தது. மேல்முறையீடுகள் எல்லாம் தள்ளுபடி, தண்டனை உறுதி. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும், இறந்துபோனவர்கள் என்றால் குடும்பத்துக்கும், தலா 10 லட்சம் ரூபாய். வேலை அல்லது சுயதொழிலுக்கு வழி. அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அதிகாரி ஆகியோர்மீது நடவடிக்கை.

அன்றைக்கு ராத்திரி மாமாவுக்கு போன் போட்டேன். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது அவருக்கு. செய்தியை வரி வரியாகப் படித்துக் காட்டினேன்.

“கலெக்டர் மேலயுமா?”

“ஆமா மாமா. எஸ்.பி., டி.எஃப்.ஓ. மேலயும்.”

“முப்பது வருசம் ஆச்சேடா. எல்லாம் பென்ஷன் வாங்கிட்டு உக்காந்திருப்பாங்க.” கொஞ்ச நேரம் லைனில் சத்தமில்லை. பிறகு, “நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு செத்தே போயிருப்பான்” என்றார். நம்ம ஆளுங்க என்று அவர் சொன்னது யாரை என்று நான் கேட்கவில்லை.

மிச்சத்தையும் படித்தேன். அந்தப் பத்து லட்சத்தில் பாதியை, அதாவது ஐந்து லட்சத்தை, வல்லுறவுக் குற்றத்தில் தண்டனை பெற்றவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று இருந்தது.

“என்னது? மறுபடி படி.”

படித்தேன்.

“கவர்மென்ட்டு குடுக்கலியா?”

“கவர்மென்ட்டு குடுக்கும் மாமா. ஆனா பாதிய அவங்க கிட்டருந்து வாங்கணும்னு போட்டிருக்கு. செஞ்சவங்க கிட்டருந்து.”

“இன்னொரு வாட்டி படிடா. மெதுவா.”